கிணற்றுக் கல்லும் கோழிக் காலும்

பிள்ளைகளோடு சேர்ந்து பழங்கால உயிர்களையும் இன்றைய உயிர்களையும் தேடிப் பார்க்கச் சில வழிகள்

பல வருடங்களுக்குப் பிறகு சொந்தக் காணிக்குத் திரும்பிய குடும்பம் ஒன்று கிணறு வெட்டிக்கொண்டிருந்தது. இரண்டு முழத்திலேயே பாறை தட்டிவிட்டது. அலவாங்கால் உடைத்த கல்லை மேலே எடுத்துக் குவித்திருந்தார்கள். குவியலைச் சுற்றி நின்ற பிள்ளைகளில் ஆறாம் ஆண்டில் படிக்கும் ஒருவன் என்னிடம் கேட்டான்: "சேர், இன்னும் கீழை தோண்டினா டைனோசர் எலும்பு வருமோ?"

மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். "ரீவியிலை அந்தப் படம் பாத்த நாள் துவக்கம் உவனுக்கு உதுதான் கதை" என்றார் தகப்பன்.

சிரித்துத் தள்ளிவிடக் கூடிய கேள்வி அல்ல அது. கிணற்றுக் கல்லுக்குள் பழைய உயிர்கள் இருக்கலாம் என்று அவன் நினைத்ததில் முக்கால்வாசி சரி. டைனோசர் வராது. ஆனால் வேறு உயிர்கள் வரும். அன்று அந்தக் குவியலிலேயே கிடந்தன. எத்தனை இடத்துக்குச் சாமான் கட்டினாலும் புத்தகமும் விளையாட்டுப் பொருளும்தான் முதலில் விடுபட்டுப் போகும் என்பது இடம்பெயர்ந்த குடும்பங்களுக்குத் தெரியும். நல்ல காலமாக, இந்தப் படிப்புக்கு வேண்டியவற்றை யாரும் சுமந்து வரத் தேவையில்லை. கல், கோழி, நூல், போத்தல், ஒரு பழைய கொப்பி ஆகியவை போதும்.

கல்லுக்குள் கடல்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். மன்னார், புத்தளம் கரையோரங்களிலும் இதே கல் தொடர்கிறது. காங்கேசன்துறையில் சீமெந்துத் தொழிற்சாலையைக் கட்டியது இந்தக் கல்லை நம்பித்தான். இது கடலடியில் உருவான கல். சிப்பி, நத்தை, முருகை, கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய ஓட்டுயிர்கள் எல்லாம் செத்துப் படிந்து, ஒன்றன்மேல் ஒன்றாக அமுங்கி, கல்லாகிப் போயின. இந்தக் காலத்துக்கு மயோசீன் காலம் என்று பெயர். ஏறக்குறைய 2 கோடி 30 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கி, 50 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் முடிந்தது.

உடைத்த கல்லின் புதிய முகத்தைத் தண்ணீரில் கழுவி, காலை வெயிலில் சரித்துப் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். உச்சி வெயிலில் ஒன்றும் தெரியாது. சரிந்து விழும் வெளிச்சத்தில்தான் மேடு பள்ளம் தெரியும். சிப்பியின் வரி, நத்தையின் சுருள், தேன்கூடு போன்ற முருகைத் துண்டு என்று ஏதாவது அகப்படும். சில இடங்களில் ஓடு கரைந்து போய் அதன் அச்சு மட்டும் குழியாக நிற்கும். அதற்குள் ஈரக்களியை அமத்தி எடுத்தால் அந்தச் சிப்பியின் உருவம் கையில் வரும். இப்படிக் கல்லில் நிலைத்து நிற்கும் உயிரின் அடையாளத்தையே உயிர்ச்சுவடு என்கிறோம்.

உண்மையில் சுண்ணாம்புக்கல்தானா என்று பார்ப்பதற்குத் தேசிக்காய் போதும். கல்லைச் சுரண்டித் தூளாக்கி, அதன்மேல் சாற்றைப் பிழிந்தால் நுரைத்துக் குமிழி வரும். அதே புளியைக் கடற்கரைச் சிப்பியின் தூளிலும் முட்டைக் கோதின் தூளிலும் விடட்டும். மூன்றும் ஒரே மாதிரி நுரைப்பதைப் பார்த்த பிள்ளைக்கு, கல் எங்கிருந்து வந்தது என்று நாம் விளக்கத் தேவையில்லை.

வன்னியின் உட்பகுதியில் இருப்பவர்களுக்கு இது சரிவராது. அங்குள்ள கருங்கல் பூமிக்குள் சூட்டிலும் அழுத்தத்திலும் வெந்த கல். 50 கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழைமை. அதில் உயிர்ச்சுவடு இல்லை. அந்தப் பிள்ளைகள் நேரே கோழிக்குப் போகலாம்.

ஒரு காலடி பத்து இலட்சம் ஆண்டு

கோடி என்பது பிள்ளைகளுக்கு வெறும் சொல். பெரியவர்களுக்கும் அப்படித்தான். அதனால் நடந்து காட்ட வேண்டும். ஒழுங்கையில் ஓரிடத்தில் கோடு கீறி, "இது இன்றைக்கு" என்று சொல்லுங்கள். அங்கிருந்து ஒவ்வொரு எட்டும் 10 இலட்சம் ஆண்டு பின்னே போவதாக வைத்துக்கொள்வோம்.

ஐந்தாவது எட்டுக்கும் இருபத்துமூன்றாவது எட்டுக்கும் இடையில் நமது கிணற்றுக் கல் உருவாகிறது. அறுபத்தாறாவது எட்டில்தான் கடைசி டைனோசர்கள் அழிகின்றன. அந்த நேரத்தில் பெரியதொரு விண்கல் மெக்சிக்கோப் பக்கத்தில் வந்து விழுந்தது. முதல் டைனோசரைக் காண இன்னும் நடந்து 230 எட்டளவில் போய் நிற்க வேண்டும். பூமி பிறந்த இடத்துக்குப் போவதென்றால் 4,600 எட்டு, கிட்டத்தட்ட மூன்றரைக் கிலோமீற்றர். மனிதர்? நம் இனத்தின் வயது ஏறக்குறைய 3 இலட்சம் ஆண்டு. தொடங்கிய கோட்டில் ஒரு பாதத்தை வைத்தால் அந்தப் பாதத்தின் நீளந்தான்.

கிணற்றுக்குள் டைனோசர் ஏன் வராது என்ற கேள்விக்கு விடையும் இதில் கிடைத்துவிடும். அந்தக் கல் உருவாகத் தொடங்குவதற்கு 4 கோடி ஆண்டுகளுக்கு முன்னரே அவை போய்விட்டன. அன்று அந்தப் பையன் அறுபத்தாறு எட்டும் நடந்து போய், ஒழுங்கை முடக்கில் நின்றுகொண்டு கூப்பிட்டான்: "சேர், இவ்வளவு தூரமோ?"

எலும்பு உதிர்ந்தது, படம் நின்றது

டைனோசர் வாழ்ந்த காலத்துப் பாறை இலங்கையிலும் சிறிதளவு உண்டு. புத்தளம் மாவட்டத்தில் தப்போவை, ஆண்டிகம என்ற இடங்களில் யுராசிக் காலத்துப் படிவுகள் இருக்கின்றன. அங்கே கிடைத்தவை செடிகளின் சுவடுகள்: பன்னங்கள், சைக்கஸ் இனங்கள், ஊசியிலை மரங்கள். டைனோசர்கள் உலவிய காட்டின் இலைகள் என்று சொல்லலாம்.

எலும்பு கிடைத்தது பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கத்தில். தமிழ்நாட்டின் அரியலூர்ப் பகுதியும் நம்மைப் போலச் சுண்ணாம்புக்கல் நாடு. அங்கும் சீமெந்துத் தொழிற்சாலைகள் உண்டு. ஆனால் அந்தக் கல் டைனோசர் காலத்தது. அங்கே கல்லமேடு என்ற ஊருக்கு அருகில் எடுத்த எலும்புகளை 1987ஆம் ஆண்டு இந்தியப் புவியியலாளர் இருவர் விவரித்து எழுதினார்கள். அதற்குப் புருகத்காயோசோரஸ் என்று பெயர் வைத்தார்கள். பெரிய உடலுடைய பல்லி என்பது பொருள். முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பு மட்டும் ஏறக்குறைய 2 மீற்றர், வாசற்கதவின் உயரம். முதலில் இறைச்சி தின்னி என்றுதான் எழுதினார்கள். நீண்ட கழுத்துடைய இலைதின்னி என்று பிறகு மற்றவர்கள் திருத்தினார்கள்.

அந்த எலும்புகள் இன்று இல்லை. மிகவும் நொய்ந்து போயிருந்த அவை ஈரத்தில் உதிர்ந்து போயின. மிஞ்சியவை அளவுக் குறிப்புகளும் கீறிய படங்களும் சில பழைய புகைப்படங்களுமே. அவற்றை வைத்துத்தான் இன்றும் வாதாடுகிறார்கள்.

இதை நீட்டிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பிள்ளை ஒரு நத்தைச் சுவட்டையோ பறவைக் கூட்டையோ கண்டால், எடுத்து வந்து பெட்டியில் வைக்கத்தான் ஆசைப்படும். பெட்டி தொலையும்; நாம் எத்தனை பெட்டியைத் தொலைத்திருக்கிறோம். கண்டதைக் கொப்பியில் கீறி, ஈர்க்கால் அளந்து, கண்ட இடத்தையும் நாளையும் எழுதப் பழக்குங்கள். படம் அழகாக இருக்க வேண்டும் என்பதில்லை. எத்தனை கால், எத்தனை வரி, எந்தப் பக்கம் சுருள் என்பது சரியாக இருந்தால் போதும். "வடிவாய்க் கீறு" என்பதற்குப் பதில் "எண்ணிக் கீறு" என்று சொல்லிப் பாருங்கள்.

குசினியில் நிற்கும் டைனோசர்

டைனோசர்கள் எல்லாம் அழிந்துவிட்டன என்று மேலே சொன்னேன். அதில் ஒரு திருத்தம். ஒரு கிளை தப்பிப் பிழைத்தது. அதைத்தான் பறவைகள் என்கிறோம்.

1861ஆம் ஆண்டு ஜேர்மனியில், அதுவும் ஒரு சுண்ணாம்புக்கல் அகழியில், ஆர்க்கியொப்ரெரிக்ஸ் என்ற உயிரின் எலும்புக்கூடு கிடைத்தது. அதற்குச் சிறகு இருந்தது. கூடவே அலகில் பல்லும் எலும்புள்ள நீண்ட வாலும் இருந்தன. 1996இல் சீனாவில் உடம்பில் தூவி போன்ற மயிருள்ள சிறிய டைனோசர் ஒன்றின் சுவடு வெளியாயிற்று. அதன்பின் சிறகுள்ளவை பல கிடைத்துவிட்டன. கோழி ரைரனோசோரசின் நேரடிப் பேரப்பிள்ளை என்று சிலர் சொல்வது தவறு. இரண்டும் ஒரே கூட்டத்தின் வெவ்வேறு கிளைகள். ஒன்றுவிட்ட சகோதரம் மாதிரி.

வளவில் கோழி நிற்கும் வீட்டில் இதைப் பார்க்க வேறெங்கும் போகத் தேவையில்லை. பிள்ளை ஒருவர் கோழியைப் பிடித்திருக்க, மற்றவர் காலைப் பார்க்கட்டும். முன்னே மூன்று விரல், பின்னே சிறியது ஒன்று, மேலே ஓணான் தோல் போன்ற செதில். மழை பெய்து வடிந்த சேற்றில் கோழியை நடக்க விட்டால் மூன்று விரல் அச்சு விழும். இறைச்சி தின்னும் டைனோசர்களின் சுவடும் அதே மூன்று விரல்தான்; அளவுதான் வேறு. அடுத்தடுத்த இரண்டு அச்சுக்கு இடையிலுள்ள தூரத்தை ஈர்க்கால் அளந்து, கோழி நடந்தபோதும் வெருண்டு ஓடியபோதும் எவ்வளவு என்று எழுதட்டும். கல்லில் பதிந்த சுவட்டைக் கொண்டு டைனோசர் எவ்வளவு வேகமாக ஓடியது என்று ஆராய்ச்சியாளர்கள் கணிப்பதும் இந்த வழியில்தான்.

அச்சை எடுத்து வைக்க விரும்பினால் எரிந்து மிஞ்சிய மெழுகுதிரித் துண்டுகளை உருக்கி ஊற்றலாம். உருக்குவதும் ஊற்றுவதும் பெரியவர்களின் வேலை. ஆறியபின் பிள்ளை தோண்டி எடுத்துக் கழுவட்டும்.

கோழிக்கறி வைக்கும் நாள் அருமையாகத்தான் வரும். வந்தால் எலும்பை எறிய வேண்டாம். அவித்துக் கழுவிக் காயவைத்து, கடதாசியில் மீண்டும் கோழியாக அடுக்கச் சொல்லுங்கள். நெஞ்சுக்கு முன்னால் கெற்றப்போல் கவர் போல ஓர் எலும்பு இருக்கும். ரைரனோசோரசுக்கும் அதே கவர் எலும்பு இருந்தது. சிறகின் மேலெலும்பை முறித்தால் உள்ளே கோறையாக இருக்கும். ஒரு வீட்டில் மூன்று பிள்ளைகள் சேர்ந்து அடுக்கிய கோழிக்கு ஐந்து கால் வந்துவிட்டது. அதுவும் குற்றமில்லை. முதன்முதலில் டைனோசர் எலும்பை அடுக்கிய பெரியவர்களும் பெருவிரல் எலும்பை மூக்கின்மேல் கொம்பாக வைத்தவர்கள்தான்.

ரைரனோசோரஸ் எவ்வளவு பெரியது என்று கேட்டால் 12 மீற்றர் கயிற்றை வளவில் இழுத்துக் காட்டுங்கள். ஏறக்குறைய இருபத்தாறு, இருபத்தேழு முழம். தற்காலிகக் கொட்டில் என்றால் மூன்றைத் தாண்டிப் போகும். பிறகு அதே கயிற்றை இரட்டித்துக்கொண்டு, திருகோணமலைக் கடலில் வரும் நீலத்திமிங்கிலம் இருபது மீற்றருக்கும் மேல் வளரும் என்று சொல்லுங்கள். அது இன்றும் உயிரோடு இருக்கும் விலங்கு.

வெளியே போகுமுன்

இனிச் சொல்பவை வளவிலும் தோட்டத்திலும் செய்பவை. அதற்குமுன் ஒரு சொல். வடக்கில் கண்ணிவெடி அகற்றும் வேலை எல்லா இடத்திலும் முடிந்துவிடவில்லை. ஆராய்ச்சி என்று பிள்ளையைப் பற்றைக்குள் அனுப்புவதற்கு இந்தக் கட்டுரை காரணமாகிவிடக் கூடாது. ஆள் நடமாட்டமுள்ள, பயிர் செய்து பழகிய நிலத்துக்கு வெளியே போக வேண்டாம். கைவிடப்பட்ட வீடு, பதுங்குகுழி, மண் அணை, மண்டையோட்டுப் பலகை நட்ட காணி ஆகியவற்றுக்குக் கிட்டவும் வேண்டாம். அறியாத இரும்போ பிளாஸ்ரிக்கோ கண்டால் தொடாமல், எறியாமல், வந்த வழியே திரும்பி வந்து பெரியவரிடம் சொல்ல வேண்டும். சிப்பி தேடுகிறவனுக்கு உருண்டையாக இருக்கும் எதையும் எடுத்துப் பார்க்கும் ஆசை வரும். ஆகவே இதை ஒருமுறை சொல்லி விட்டுவிடாமல், ஒவ்வொரு முறையும் சொல்லுங்கள்.

கற்குவியலைக் கையால் புரட்டக் கூடாது. சுருட்டை விரியன் அதற்குள்தான் படுத்திருக்கும். நீண்ட தடியால், தன் பக்கமாக இழுத்துப் புரட்ட வேண்டும். அப்படிப் புரட்டினால் கல்லே மறைப்பாக நிற்கும். கட்டுக் கட்டாத கிணற்றின் விளிம்பில் ஒரு பிள்ளையும் நிற்கக் கூடாது.

நாலு தடி, ஒரு நூல்

ஒரு மீற்றருக்கு ஒரு மீற்றர் சதுரமாக நாலு தடி நட்டு நூல் கட்டுங்கள். அதற்குள் இருக்கும் செடி வகை எத்தனை, ஊரும் வகை எத்தனை, பறந்து வந்து இருப்பவை எத்தனை என்று அரை மணித்தியாலம் குந்தியிருந்து எண்ண வேண்டும். பெயர் தெரியாவிட்டால் படம் கீறி "அ", "ஆ" என்று குறித்தாலும் சரி. கூட்டிப் பெருக்கிய முற்றத்தில் ஒன்று, வேலியோரத்தில் ஒன்று, மிளகாய்த் தோட்டத்தில் ஒன்று என்று மூன்று சதுரம் கட்டினால்தான் இதன் பயன் தெரியும். முற்றத்தில் இரண்டோ மூன்றோ. வேலியோரத்தில் எண்ணி முடியாது. உயிர்ப்பல்வகைமை என்று பாடப்புத்தகத்தில் பாரமாகக் கிடக்கும் சொல்லின் பொருள் இந்த வித்தியாசந்தான். பார்த்தீனியம் மண்டிய இடத்தில் ஒரு சதுரம் கட்டினால் எண்ணிக்கை விழுந்துவிடுவதையும் காணலாம். அந்தச் செடியைத் தொட்டால் சிலருக்குத் தோல் கடிக்கும். கண்ணால் பார்த்தால் போதும்.

தோட்டத்துச் சதுரத்தில் பிள்ளைகள் எண்ணுவது தகப்பனுக்கும் உதவும். இந்தோனேசியாவில் நெல்லைக் கபிலத் தத்தி அழித்தபோது, மருந்து அடிக்க அடிக்கத் தத்தி பெருகியது. தத்தியைத் தின்னும் சிலந்திகள் மருந்தில் முதலில் செத்ததே காரணம். 1986ஆம் ஆண்டு அந்த அரசாங்கம் 57 வகை மருந்துகளை நெல்லுக்கு அடிக்கத் தடைசெய்தது. 1989 முதல் விவசாயிகளுக்கு வயலிலேயே பாடசாலை நடத்தினார்கள். அங்கே அவர்கள் செய்த ஒரு வேலையை நம் பிள்ளைகளும் செய்யலாம். வாய் அகன்ற ஜாம் போத்தலில் ஒரு நெற்பயிரை வைத்து, எண்ணிப் பத்துத் தத்தியை விட்டு, வயலில் ஓடித்திரியும் சிலந்தி ஒன்றையும் உள்ளே விட்டு, மெல்லிய துணியால் கட்டிவிடுங்கள். அடுத்த நாள் காலையில் எத்தனை தத்தி மிச்சம்? சிலந்தியில்லாத இன்னொரு போத்தலையும் பக்கத்தில் வைத்தால்தான் கணக்கு நியாயமாகும். மருந்து வந்த போத்தலை இதற்கு எடுக்க வேண்டாம். எவ்வளவு கழுவினாலும் வேண்டாம். மருந்து அடித்துச் சில நாளே ஆன தோட்டத்துக்குள்ளும் பிள்ளைகளை விடாதீர்கள்.

ஒரேயோர் அறையில் இருப்பவர்கள்கூடத் தேசி மரத்துப் புழுவை வளர்க்கலாம். இளம் தேசி இலையில் குருவி எச்சம் போல ஒன்று ஒட்டியிருக்கும். அது எச்சமல்ல, புழு. வளர்ந்ததும் பச்சையாகிவிடும். மெதுவாகத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து செம்மஞ்சள் கொம்பு இரண்டை நீட்டி மணக்கும். தினமும் புது இலை வைத்தால் அது கூட்டுப்புழுவாகி, இன்னும் ஒன்றிரண்டு வாரத்தில் வண்ணத்துப்பூச்சியாக வெளிவரும். வெளிவரும் காலையில் பாடசாலைக்குப் பிந்தினால் பிள்ளையை ஏசாதீர்கள்.

பனைமரத்தின் கீழ் ஒரு மணித்தியாலம் இருந்து, வருவோர் போவோரைக் குறித்தாலும் ஒரு பக்கம் நிரம்பும். ஓலைக்கு அடியில் கூடு ஒட்டும் பனை உழவாரன், தொங்கும் தூக்கணாங்குருவிக் கூடு, அணில், பல்லி, இருட்டினால் மரநாய். ஐப்பசிக்குப் பின் குளத்திலும் களப்பிலும் வாத்துகள் வந்திறங்கும். அவற்றுள் ஊசிவால் வாத்து வட ஆசியாவிலிருந்து வருவது; சித்திரையளவில் போய்விடும். முதல் நாள் கண்ட திகதியை ஒவ்வொரு வருடமும் எழுதி வைக்கட்டும்.

ஆச்சியின் வேலி

இதில் பிள்ளைகளால் தனியே செய்ய முடியாத ஒரு வேலை இருக்கிறது. கொப்பியில் "அ", "ஆ" என்று குறித்த செடிகளுக்குப் பெயர் வேண்டும். அந்தப் பெயர்கள் பாடப்புத்தகத்தில் இல்லை. ஆச்சியிடமும் அப்புவிடமும் இருக்கின்றன. 1990இல் ஊரை விட்டு வந்தபோது கைக்குழந்தையாக இருந்தவர்கள் இன்று பெற்றோர். தங்கள் வளவின் வேலியில் என்ன மரம் நின்றது என்று அவர்களைக் கேட்டாலே பலருக்குத் தெரியாது. அவர்களின் பிள்ளைகளுக்கு எங்கே தெரியப் போகிறது?

கிணறு வெட்டிய அந்த வீட்டில் ஓர் ஆச்சி இருந்தார். பார்வை குறைந்துவிட்டது. பேத்தி செடியைப் பிடுங்கிக் கொண்டுபோய்க் கையில் கொடுக்க, கசக்கி மணந்து பார்த்தே பெயர் சொன்னார்: "இது குப்பைமேனி. இது சாறணை, சுண்டலாம். இது முடக்கொத்தான், வாதத்துக்கு ரசம் வைக்கிறது." பதினேழு செடிக்குப் பதினைந்து பெயர் சொன்னார். பிறகு பேத்தி பழைய வளவின் படத்தைக் கீறத் தொடங்கினாள். அவள் பிறக்குமுன் இருந்த வளவு அது. "படலைக்கு வலப்பக்கம் பூவரசு ரெண்டு. அதுக்கங்காலை கிளுவை. மூலையிலை முள்முருக்கு, பூக்கிற நேரம் மைனா குவியும்" என்று ஆச்சி சொல்லச் சொல்ல, அவள் வட்டம் வட்டமாகப் போட்டுக்கொண்டு போனாள்.

கல்லுக் கிளறிக்கொண்டிருந்த தமையன் வந்து எட்டிப் பார்த்தான். "ஆச்சி, அங்கை கிணத்துக் கல்லிலை சிப்பி இருந்ததோ?"

"இருந்திருக்கும் மோனை. ஆர் பாத்தது?" என்றார் ஆச்சி. "கிணறு தெக்கு மூலையிலை. அதையும் கீறு பிள்ளை."